மாடி கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்ட மூன்று வாரம்

திருநெல்வேலி சந்திப்பில், மீனாட்சிபுரம் பக்கம் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ் இவைதான் அதிகம். புது கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து, மாடி கம்ப்யூட்டரில் எல்லோரும் பயன்படுத்த வைத்திருக்கும் ஷேர் ஃபோல்டரைத் திறக்கப் போனால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்பது நாள் ஒழுங்காக இருந்து, மறுபடி கேட்டது. இப்போது சரியாகிவிட்டது. எங்கே தவறினேன் என்பதோடு சேர்த்து எழுதி வைக்கிறேன்.

முதலில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது சந்திப்புப் பகுதிக்குள் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கடையில் மேஜைக்கால் பாதி வரை நின்றது. அதற்கப்புறம் கடை முதலாளி அண்ணாச்சி எடுத்த முதல் முடிவு, பத்திரிகை ஃபைல்கள் உள்ள கம்ப்யூட்டர் இனிமேல் தரைத்தளத்தில் இருக்கக்கூடாது என்பதுதான். அன்றிலிருந்து அது மாடியில், பேப்பர் ரீம் அடுக்கும் அறையில் இருக்கிறது. விண்டோஸ் 10, இரண்டு டிபி ஹார்டு டிஸ்க். கம்ப்யூட்டரின் பெயரும் ‘மாடி’தான். அதில் ‘வேலை’ என்று ஒரு ஃபோல்டர். ஐந்து வருடத்துப் பத்திரிகைகள் அதற்குள்தான். அக்காவுக்கு அடித்த டிசைனை எடுத்துக்கொண்டு தங்கச்சி கல்யாணத்துக்கு முக்கூடலிலிருந்தும் சேரன்மகாதேவியிலிருந்தும் வருவார்கள். அந்த ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் எங்களுக்கு வேலையே இல்லை.

கீழே இரண்டு கம்ப்யூட்டர்கள். கவுண்டரில் பில் போடும் அக்காவிடம் ஒன்று, அதுவும் விண்டோஸ் 10. இன்னொன்று என்னுடையது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 உடன் சப்போர்ட் முடிந்ததால் என்னுடையதை மட்டும் மாற்றி, விண்டோஸ் 11 புரோ போட்டது வாங்கினோம்.

புதிதில் ‘வேலை’ ஃபோல்டரைத் தேடிப் போனதும் ஒரு பெட்டி வந்தது. மேலே ‘மாடி’ என்று கம்ப்யூட்டர் பெயர், கீழே யூசர் பெயருக்கும் பாஸ்வேர்டுக்கும் இரண்டு கட்டம். கவுண்டரில் அதே ஃபோல்டர் ஒன்றும் கேட்காமல் திறக்கிறது. நான் காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கப் போடும் நான்கு இலக்கப் பின்னைப் போட்டேன். தவறு என்றது. அந்தப் பின் அந்த ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது என்பது அன்று எனக்குத் தெரியாது. அடுத்து என் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டேன். அதுவும் தவறு. பெட்டி கேட்டது என் கம்ப்யூட்டரின் கணக்கை இல்லை, மாடி கம்ப்யூட்டரில் உள்ள கணக்கை. அது என்ன பாஸ்வேர்டு என்று அண்ணாச்சியிடம் கேட்டால், “அது தானால்லா திறக்கும் தம்பி” என்றார். பழைய மெக்கானிக் ஒருவர் பாஸ்வேர்டு வைத்து, கேட்காமல் திறக்கும்படி செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கவுண்டரிலும் அவரே அதைப் பதிந்து வைத்திருக்கிறார். ஐந்து வருடமாக யாரும் தட்டச்சு செய்யாத பாஸ்வேர்டு யாருக்கு நினைவிருக்கும்?

அன்று சாயங்காலம் கேபிள் மேல் சந்தேகம் வந்தது. மாடிப்படி ஓரமாகப் போகும் கேபிளை ஓரிடத்தில் எலி கடித்திருந்தது. வண்ணார்பேட்டையில் போய் கேட்-6 கேபிள் 25 மீட்டர், மீட்டர் 22 ரூபாய் வீதம் 550 ரூபாய்க்கும், நான்கு கனெக்டர் 40 ரூபாய்க்கும் வாங்கி வந்தேன். கிரிம்பிங் டூல் என்னிடமே உண்டு. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று எட்டு வயரையும் வரிசையாகச் சொருகி, டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஃபோல்டரைத் திறந்தால் அதே பெட்டி. யோசித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்: கேபிள் அறுந்திருந்தால் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியே வந்திருக்காது. பெட்டி வருகிறது என்றாலே அந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது என்று அர்த்தம்.

இரவில் நண்பன் ஒருவன் போனில் வழி சொன்னான். மாடியில், ஷேரிங் அமைப்புகளின் கடைசிப் பகுதியில் ‘பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்’ என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடு என்றான். அணைத்தேன். இந்தத் தடவை பெட்டி வரவில்லை. பதிலாக, உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அனுமதியைத் தடுக்கிறது என்கிற மாதிரி ஒரு செய்தி வந்தது. நாங்கள் மூன்று பேர். எந்தக் கொள்கையும் யாரும் எழுதி வைக்கவில்லை. தேடிப் படித்ததில் காரணம் தெரிந்தது. பாஸ்வேர்டு பாதுகாப்பை அணைத்தால் வருகிறவரை மாடி கம்ப்யூட்டர் ‘கெஸ்ட்’ என்று உள்ளே விடப் பார்க்கும். விண்டோஸ் 11 புரோவில் 24எச்2 பதிப்பிலிருந்து, அதாவது 2024 அக்டோபருக்கு அப்புறம், இப்படிக் கெஸ்டாக நுழைவதை நம் பக்கத்து விண்டோஸே மறுத்துவிடுகிறது. கூடவே, வந்து போகும் ஒவ்வொரு தகவலிலும் கையெழுத்து மாதிரி ஒரு அடையாளம் இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாது, அதனால் அந்தக் கையெழுத்தையும் போட முடியாது.

இதை மீறித் திறக்கவும் வழி இருக்கிறது. நண்பன் அதையும் சொன்னான், அதோடு கம்ப்யூட்டர்களுக்கிடையே ஃபைல் பகிரும் எஸ்எம்பி 1 என்ற பழைய முறையை இயக்கிவிடச் சொல்லியும் பார்த்தான். இரண்டையும் நான் செய்யவில்லை. 2017 மே மாதம் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை, அந்த எஸ்எம்பி 1இன் ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குத் தாவியது. ஐந்து வருடத்துப் பத்திரிகைகள் அந்த ஒரு டிஸ்கில் இருக்கின்றன. பெட்டி வராமல் இருப்பதற்காகக் கதவையே கழற்றி வைக்க எனக்கு மனம் வரவில்லை. ப்ரொடெக்டட் ஷேரிங்கைத் திரும்பப் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் செய்ததுதான் பெரிய தவறு. மாடிக் கணக்கின் பாஸ்வேர்டு தெரியாததால்தானே தொல்லை, அதை எடுத்துவிட்டால் காலியாக விட்டு உள்ளே போகலாம் என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டுக்குள் போய் பாஸ்வேர்டைக் காலியாக்கினேன். என் கம்ப்யூட்டரில் பெயரை மட்டும் போட்டு என்டர் தட்டினால் மறுக்கிறது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விடுவதில்லை என்பது விண்டோஸில் முன்னாலேயே உள்ள ஏற்பாடு. அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் காலிப் பாஸ்வேர்டு செல்லும். சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். அடுத்த நாள் காலை ஒன்பதரை மணிக்குக் கவுண்டரிலிருந்து அக்காவின் குரல்: “தம்பி, எனக்கும் கேக்க ஆரம்பிச்சிட்டு.” முந்தைய நாள் முழுக்க அவர்களுக்குத் திறந்தபடியே இருந்தது, ஏற்கெனவே உள்ளே போன இணைப்பு அப்படியே நின்றதால். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும், பதிந்து வைத்திருந்த பழைய பாஸ்வேர்டு செல்லாமல் போய்விட்டது. தை மாதக் கல்யாணங்களுக்குப் புரூஃப் கேட்டு இரண்டு வீட்டார் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். “நேத்து வரைக்கும் நல்லாத்தானப்பா இருந்துச்சு?” என்று அண்ணாச்சி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழேக்கும் நடந்து அன்றைய புரூஃபை முடித்தேன்.

மத்தியானத்துக்கு மேல் நிதானமாக உட்கார்ந்தேன். முதலில் மாடிக் கணக்குக்குப் புதிதாக ஒரு பாஸ்வேர்டு வைத்து, அதைக் கொண்டே என் கம்ப்யூட்டரில் நுழைந்து பார்த்தேன். திறந்தது. ஆனால் அது அட்மின் கணக்கு. பத்திரிகை ஃபைலைத் திறப்பதற்கு அந்த அதிகாரம் எதற்கு என்று தோன்றியதால், மாடியில் ‘அச்சு’ என்று சாதாரண யூசர் ஒன்றை உருவாக்கினேன். ‘வேலை’ ஃபோல்டரில் அனுமதி கொடுக்க இரண்டு இடம் உண்டு, ஷேரிங் பக்கம் ஒன்று, செக்யூரிட்டி பக்கம் ஒன்று. இரண்டிலும் ‘அச்சு’வைச் சேர்த்து, எழுதவும் திருத்தவும் அனுமதி கொடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் பெட்டியைத் தாண்டிய பிறகு ‘அனுமதி இல்லை’ என்று நிற்கும். அது வேறு கோளாறு, பாஸ்வேர்டு கோளாறு இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததே எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

கவுண்டரில் கன்ட்ரோல் பேனல், அதற்குள் கிரெடென்ஷியல் மேனேஜர், அதற்குள் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ். அங்கே ‘மாடி’ என்ற பெயரில் பழைய மெக்கானிக் பதிந்தது அப்படியே இருந்தது. அதை நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டு, பெட்டி வந்ததும் மாடி\அச்சு என்று முன்னால் கம்ப்யூட்டர் பெயரையும் சேர்த்து எழுதினேன். எந்தக் கம்ப்யூட்டரின் கணக்கு என்பதில் குழப்பம் வராமல் இருக்கத்தான். நினைவில் வை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அக்காவின் வேலை முடிந்தது.

அதையே என் கம்ப்யூட்டரில் செய்யப் போனால், ஒரே சர்வருக்கு இரண்டு யூசர் பெயரில் இணைப்பு வைக்க முடியாது என்று 1219 என்ற எண்ணோடு பிழை வந்தது. அட்மின் கணக்கில் நுழைந்து பார்த்தேனே, அந்த இணைப்பு இன்னும் உயிரோடு இருந்தது. கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் என்று அடித்தால் இருக்கிற இணைப்புகள் வரிசையாகத் தெரியும். அதோடு ஒரு நட்சத்திரக் குறியும், சாய்கோடு போட்டு டெலிட்டும் சேர்த்தால் எல்லாம் துண்டிக்கப்படும். அப்புறம் புதிதாக நுழையலாம். இதுதான் முறை. ஆனால் நான் அன்று இதைச் செய்யவில்லை. நண்பன் சொன்ன குறுக்கு வழியில் போனேன்: ‘மாடி’ என்ற பெயருக்குப் பதிலாக, நெட்வொர்க்கில் ரூட்டர் அதற்குக் கொடுத்திருக்கும் ஐபி எண்ணைப் போட்டால், விண்டோஸ் அதை வேறு சர்வர் என்று நினைத்து விட்டுவிடும். மாடியில் அந்த எண்ணைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்துப் பார்த்தேன், 192.168.1.4. அந்த எண்ணிலேயே ‘வேலை’ ஃபோல்டரை இசட் டிரைவாகப் போட்டு, ‘அச்சு’ பாஸ்வேர்டைப் பதிந்தேன். உடனே திறந்தது. அண்ணாச்சி பால் போட்ட டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்னொன்றும் அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். மறுநாள் காலையில் மாடி கம்ப்யூட்டர் தானாகத் திறக்காமல் லாகின் திரையிலேயே நின்றது, ஏனென்றால் தானாகத் திறக்கப் பதிந்திருந்ததும் பழைய பாஸ்வேர்டுதான். ஆனால் கீழே ஃபோல்டர் திறந்தது. ஷேர் வேலை செய்ய அங்கே யாரும் லாகின் செய்திருக்க வேண்டியதில்லை. அதனால் தானாகத் திறப்பதை அப்படியே எடுத்துவிட்டோம்.

ஒன்பது நாள் நன்றாகப் போனது. பத்தாம் நாள் இடி மழை, மின்சாரம் போய்விட்டது, ரூட்டருக்கும் சேர்த்து இருந்த பழைய யுபிஎஸ் அரை மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. மின்சாரம் வந்து எல்லாவற்றையும் போட்டதும், என் கம்ப்யூட்டரில் அதே பெட்டி. ‘அச்சு’ பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன், மறுத்தது. கவுண்டரில் ஃபோல்டர் வழக்கம்போல் திறக்கிறது. விண்டோஸ் 11 அப்டேட் ஏதோ செய்துவிட்டது என்று நினைத்து, அதை நீக்குவது எப்படி என்று ஒரு மணி நேரம் படித்தேன். மாடிக்குப் போய் ‘அச்சு’ கணக்கில் நேரடியாக லாகின் செய்து பார்த்தேன், அங்கே பாஸ்வேர்டு சரி. அந்த எண்ணில் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று பிங் அடித்தேன், 192.168.1.4 உடனுக்குடன் பதில் சொன்னது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் உள்ளே விடமாட்டேங்கு.

ஒன்றரை மணிக்கு அக்கா, “நான் சாப்பிட்டுட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு, மழையைப் பார்த்துக் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுப் போனார்கள். ஒரு நிமிடம் கழித்து நான் இசட் டிரைவைத் தட்டினால் பெட்டி வரவில்லை. பாதை கிடைக்கவில்லை என்கிறது. பிங் அடித்தால் பதில் இல்லை. மாடியில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஃபேன் சத்தம் கீழே வரைக்கும் வருகிறது. அணைந்தது கவுண்டர் கம்ப்யூட்டர் மட்டும்.

மாடிக்கு ஓடிப்போய் ஐபிகான்ஃபிக் அடித்தேன். 192.168.1.5.

ரூட்டரை நாங்கள் இரவில் அணைப்பதே இல்லை, அதனால் யாருக்கு எந்த எண் என்ற பட்டியல் அதில் அப்படியே இருந்து வந்திருக்கிறது. அன்று அது முழுக்க அணைந்து எழுந்தபோது பட்டியலை மறந்துவிட்டது. எங்கள் கைப்பேசிகள் இரண்டும் முதலில் போய் ஒட்டிக்கொண்டன, அப்புறம் கவுண்டர் கம்ப்யூட்டருக்கு 4 போனது. மாடிக்குப் படியேறிப் போய்ப் போட்டது அதற்கு அப்புறம்தான், அதனால் 5. என் இசட் டிரைவ் காலையிலிருந்து தட்டியது கவுண்டர் கம்ப்யூட்டரின் கதவை. அதில் ‘அச்சு’ என்று ஒருவரே இல்லை. அது கேட்டதும் மறுத்ததும் முழுக்கச் சரி. அக்காவுக்கு ஏன் திறந்தது என்றால், அவர்கள் ‘மாடி’ என்ற பெயரால் போனார்கள், பெயர் எந்த எண்ணுக்கு மாறினாலும் தேடிப் பிடித்துவிடும். என் பெட்டியிலோ வெறும் எண்தான் எழுதியிருந்தது, அது யாருடைய எண் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் நாளிலிருந்தே என் கண் பாஸ்வேர்டு கட்டத்தில்தான் இருந்தது. அதற்கு மேலே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

சரிசெய்தது எளிது. நெட் யூஸில் எல்லா இணைப்பையும் துண்டித்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் எண் பெயரில் இருந்ததை நீக்கி, ‘மாடி’ என்ற பெயரிலேயே இசட் டிரைவை மறுபடி போட்டேன். பதிவு பெயருக்குத் தனி, எண்ணுக்குத் தனி என்பதால் ஒரு தடவை கேட்டது. கொடுத்ததும் நின்றது. அதோடு, ரூட்டருக்குள் போய் மாடிக்கென்று 192.168.1.50ஐ ஒதுக்கி வைத்தேன். அதற்கு நெட்வொர்க் கார்டின் பன்னிரண்டு எழுத்து முகவரி வேண்டும். முதல் தடவை வைஃபை டாங்கிளின் முகவரியைக் கொடுத்துவிட்டேன், வெள்ளத்துக்கு அப்புறம் கேபிள் போடும் வரை வைத்திருந்தது, இன்னும் சொருகியபடியே இருந்தது. எண் மாறவில்லை. டாங்கிளைக் கழற்றிவிட்டு, கேபிள் போகும் கார்டின் முகவரியைப் போட்டதும் 50 வந்தது. ரூட்டருக்கு மட்டும் 1,350 ரூபாய்க்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைத்தோம். ஆகமொத்தம் 1,940 ரூபாய், அதில் கேபிளுக்கும் கனெக்டருக்கும் போன 590 இந்தக் கோளாறுக்குத் தேவையே இல்லை. எலி கடித்த கேபிளை என்றாவது மாற்றத்தான் வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

இன்னொரு தடவை செய்தால் முதல் நாளே தனி யூசர் உருவாக்குவேன், அட்மின் கணக்கைத் தொடமாட்டேன். பாஸ்வேர்டைக் காலியாக்குவதை யாருக்கும் சொல்லமாட்டேன். பழைய பதிவை நீக்காமல் புதிதாக எதையும் முயலமாட்டேன். மாடி கம்ப்யூட்டரும் விண்டோஸ் 10தான், அதையும் மாற்ற வேண்டும். பொங்கல் வேலை முடிந்ததும் பார்க்கலாம் என்றிருக்கிறோம். அதற்கு முன்னால் ‘வேலை’ ஃபோல்டரை முழுசாக வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்தாயிற்று, அதற்கே ஒரு ராத்திரி போனது.

மிச்சமிருந்த பத்திரிகை அட்டையில் கம்ப்யூட்டர் பெயர், எண், யூசர் பெயர், தேதி நான்கையும் அச்சடித்து மாடியில் ஒட்டினேன். பாஸ்வேர்டு மட்டும் அண்ணாச்சியின் கணக்கு நோட்டில். சனிக்கிழமை கடை அடைக்கும் நேரம் சோதித்துப் பார்த்தோம். ரூட்டரையும் மூன்று கம்ப்யூட்டர்களையும் அணைத்து, கவுண்டரை முதலில் போட்டு, அப்புறம் என்னுடையதை முதலில் போட்டு, கடைசியாக மாடியை முதலில் போட்டு, மூன்று தடவை. மூன்றாவது தடவைக்கு மாடியில் சுவிட்சைப் போட்டுவிட்டு அண்ணாச்சி படியில் நின்றே குரல் கொடுத்தார்.

“தம்பி, கேக்குதா?”

“கேக்கல அண்ணாச்சி. திறந்துட்டு.”